மார்கழியில் ஒரு துட்டி (இழவு) வீடு: முக்கூடல் பக்கத்து ஆச்சியின் கடைசி மூன்று மாதம்

இது ஒரே வீட்டில் நடந்தது அல்ல. திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல், சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் பெரியவர்கள் படுக்கையில் விழும்போது வீடுகளில் வழக்கமாக நடப்பதைக் கோத்து, ஒரு வீடாக்கி எழுதிய மாதிரி நிகழ்வு. ஆட்கள் கற்பனை. மருந்து, மின்சாரம், விறகு, சான்றிதழ் பற்றிய விவரங்கள் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

ஆச்சிக்கு வயது 84. சமைந்த நாளிலிருந்து பீடி சுற்றியவர். விறகடுப்பில் ஊதி ஊதிச் சமைத்தவர். புகையிலைத் தூசியும் அடுப்புப் புகையும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்துவிட்டன. ஆஸ்பத்திரிச் சீட்டில் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று எழுதியிருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் 'இளைப்பு'. மூத்த மகனும் மருமகளும் ஊரிலேயே ஆச்சியோடு. மகள் ஆலங்குளத்தில். சின்னவன் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கனடாவில், டொராண்டோவில்.

ஐப்பசி அடைமழையில் ஆரம்பித்தது. துணி காயவில்லை, சுவர் ஓதம் ஏறியது, சளி பழுத்தது. கார்த்திகை நடுவில் மூச்சு முட்டி, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒன்பதாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வரும்போது டாக்டர் கேட்ட கேள்விதான் இந்த நிகழ்வின் முடிச்சு: "மறுபடி இப்படி முட்டினா ஐ.சி.யூ.வுல டியூப் போடணுமா, இல்ல வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிடுதியளா?"

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் வெளியே வராந்தாவில் நின்று பதில் சொல்வார்கள். இந்த வீட்டில் மருமகள், "அத்தைகிட்டயே கேட்ருவோம்" என்றார். ஆச்சி இரண்டு விஷயம் சொன்னார். டியூப் (செயற்கையாக மூச்சு கொடுக்கும் குழாய்) வேண்டாம். அடுத்தது யாரும் கேட்காமலே சொன்னது: "சின்னவன் வருவான்னு என்னையப் பெட்டிக்குள்ள போட்டு வச்சிராதிய. பெரியவன் கொள்ளி வச்சாப் போதும்." மருமகள் அதைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி, ஆச்சியின் கைநாட்டையும் வாங்கி வைத்தார்.

அந்தப் பக்கம் சட்டப்படி செல்லாது. முறையாக எழுத நினைப்பவர்களுக்கு வழி உண்டு. உச்ச நீதிமன்றம் 2018-இல் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். ஆனால் நம் வீடுகளில் சண்டை கோர்ட்டில் வருவதில்லை, பந்தலுக்கடியில் வருகிறது. அங்கே கைநாட்டுப் போட்ட பால் நோட்டுக்கு இருக்கும் மரியாதை முத்திரைத்தாளுக்குக்கூட இராது.

ஆச்சியின் அறை

வீட்டுக்கு வந்தவை: காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் வாடகைக் கான்சென்ட்ரேட்டர் ஒன்று, மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் ஒன்று, காற்று மெத்தை ஒன்று, பி டைப் சிலிண்டர் ஒன்று.

இதில் முதலில் தப்பு நடந்த இடம் கான்சென்ட்ரேட்டர். இளைப்புக்காரருக்கு ஆக்சிஜன் அதிகம் கொடுத்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. நீண்ட நாள் சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரில் 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும். அதற்கு நிமிடத்துக்கு 1 அல்லது 2 லிட்டரே பெரும்பாலும் சரியாக இருக்கும். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் மீட்டரில் 89-ஐப் பார்த்துப் பதறி, குமிழை 5-க்குத் திருகிவிட்டுப் போனார். மீட்டர் 97 காட்டியது, எல்லோருக்கும் நிம்மதி. சாயங்காலம் ஆச்சி கண் திறக்காமல் கிறங்கிக் கிடந்தார். உடம்பில் கரியமில வாயு தேங்கியதால் வந்த மயக்கம் அது. குமிழை இறக்கி, டாக்டரிடம் போனில் கேட்டு, மறுநாள் காலைதான் பேச்சு வந்தது. அதன் பிறகு குமிழின் மேல் பிளாஸ்திரி ஒட்டி '2' என்று எழுதி வைத்தார்கள்.

கரண்ட். 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏ.எச். பேட்டரி ஒன்று இருந்தால், ஃபேனையும் டி.வி.யையும் அணைத்த பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. மழைக்காலத்தில் கம்பி அறுந்தால் மூன்று மணியில் லைன்மேன் வருவதும் நிச்சயமில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டி, தாமிரபரணி கரை புரண்டபோது இந்தப் பக்கத்து ஊர்கள் பல நாள்கணக்கில் கரண்டும் ரோடும் இல்லாமல் கிடந்தன. அதற்காகத்தான் சிலிண்டர். பி டைப்பில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் வரும். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும், திறப்புச் சாவி அதிலேயே கயிற்றில் தொங்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துச் சாவி தேடிய வீடுகள் உண்டு.

ஆக்சிஜன் ஓடும் அறையில் நெருப்பு ஆகாது. இது கார்த்திகையிலும் மார்கழியிலும் சொல்வது எளிது, செய்வது கஷ்டம். அகல்விளக்கு, சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவர்த்திச் சுருள் எல்லாம் வாசலோடு நிற்க வேண்டும். குளிருகிறதென்று கரிச்சட்டி வைப்பது இரட்டைக் கேடு: நெருப்பு ஒரு பக்கம், மூடிய அறையில் கரிப்புகை இன்னொரு பக்கம். இந்தப் பக்கம் மார்கழியிலும் விடியற்காலை 20, 21 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். குளிரைவிடப் பனிமூட்டத்தில் மேலே போக முடியாமல் தாழத் தங்கும் புகைதான் இளைப்புக்காரருக்கு எதிரி. கம்பளி, காலுக்கு உறை, தலைக்கு மஃப்ளர், விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு வரை தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைப்பது, இவ்வளவே தேவை. வெந்நீர்ப் பை வைப்பதானால் துண்டில் சுற்றித்தான். சர்க்கரை உள்ளவர் காலில் வைக்கவே கூடாது, சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும்.

மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பு வரும். சுண்ணாம்பு சுரண்டும் தூசியும் பெயின்ட் வாடையும் ஒரே நாளில் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். இந்த வீட்டில் அந்த வருஷம் வெள்ளையடிப்பை நிறுத்தினார்கள். "பொங்கலுக்கு வீடு இப்படியா கெடக்கும்" என்று தெருவில் பேச்சு வந்ததுதான் மிச்சம்.

படுக்கைப் புண் பற்றி ஒன்று. காற்று மெத்தை போட்டாயிற்று, இனிப் புரட்ட வேண்டாம் என்பது தவறு. இரண்டு மணிக்கொரு தடவை இடது, மல்லாக்க, வலது என்று மாற்றித்தான் ஆக வேண்டும். மெத்தையில் காற்று போதுமா என்று பார்க்க, படுத்திருப்பவரின் வால் எலும்புக்கு நேரே மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழைக்க வேண்டும். எலும்பு கையில் முட்டினால் காற்று பத்தாது. குதிகாலைத் தூக்க, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அதுவே முதல் புண். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது. துணி காயாத மாதம் என்பதால் பழைய நூல் சேலைகளைக் கிழித்து இருபது துண்டாவது கையிருப்பு வேண்டும். ஈரம் முழுக்கப் போகாத துணியை 'நல்லாத்தான் இருக்கு' என்று விரித்த இரண்டு நாளிலேயே இடுப்பில் தோல் உரிந்தது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்த பிறகு, வீட்டில் படுத்திருப்பவரைப் பார்க்க ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால்தான் வருவார், தானாக வரமாட்டார். மூச்சு முட்டலின் தவிப்பைக் குறைக்க டாக்டர் சொற்ப அளவில் மார்ஃபின் எழுதுவது உண்டு. அதோடு, மலம் கட்டாமலிருக்க, மலமிளக்கியும் சேர்த்து எழுதியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

டொராண்டோப் பக்கம்

சின்னவன் வீட்டில் அந்த மூன்று மாதமும் வேறு விதமாக ஓடியது. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதுவரை ஒன்பதரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் பத்தரை ஆகும். தினமும் காலை ஆறு மணிக்கு வந்த வீடியோ கால் திடீரென்று ஏழு மணிக்கு வரத் தொடங்கியது. யாரும் ஆச்சிக்கு விளக்கிச் சொல்லவில்லை. ஆறு மணிக்கே முகம் கழுவித் தலை சீவச் சொல்லி, போனைப் பார்த்துக் கிடந்து, "என்னலே, மறந்துட்டானோ?" என்று கேட்டபடி இருந்தார்.

அங்கே டிசம்பரில் மாலை நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். வேலை விட்டு வந்து, வாசலில் விழுந்த பனியை வாரிக் கொட்டி, பிள்ளைகளின் பூட்ஸையும் கையுறையையும் உலர்த்தி, சாப்பாடு முடித்து உட்கார எட்டரை. இங்கே அப்போது காலை ஏழு. ஆச்சிக்கு நெபுலைசர் வைக்கும் நேரமும் அதுவே. முகமூடியோடு கண்ட பேரப்பிள்ளைகள் பயந்து போனார்கள். நெபுலைசரை ஆறரைக்கு மாற்றியதும் பேச்சு சுலபமாயிற்று. பிள்ளைகள் ஜன்னலில் பனியைக் காட்டுவார்கள். ஆச்சி, "தும்பப்பூவக் கொட்டுன மாதிரில்லா இருக்கு" என்பார்.

வெளிநாட்டுப் பிள்ளை இந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. பாஸ்போர்ட் காலாவதி பார்ப்பது. கனடாப் பாஸ்போர்ட் ஆனால் ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடிமகனான இந்தியருக்குத் தரும்) அட்டை கையில் இருக்கிறதா, இந்தியப் பாஸ்போர்ட் ஆனால் திரும்பி உள்ளே போக நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) அட்டை செல்லுமா என்று பார்ப்பது. இறங்குவதற்கு, இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் வசதி. வளைகுடா வழியாக வந்து இறங்கினால் அங்கிருந்து காரில் நாலு மணி நேரம். சென்னையில் இறங்கினால் மேலே ஒரு ராத்திரி ரயிலோ, தூத்துக்குடி விமானத்துக்குக் காத்திருப்போ சேரும்.

கடைசி மூன்று நாள்

சாப்பாடு முதலில் நின்றது. பதறாமல் இருக்க வேண்டிய இடம் இது. உடம்பு அடங்கும்போது பசி போவது இயல்பு. கட்டாயப்படுத்திக் கொடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போகும். அதுவரை கஞ்சி கொடுத்த முறை: முதுகுக்குத் தலையணை கொடுத்து நன்றாகச் சாய்ந்து உட்கார வைத்து, தேக்கரண்டியில் பாதி, விழுங்கியதைத் தொண்டையில் பார்த்து அடுத்தது. முடிந்து அரை மணி நேரம் படுக்கவிடாமல் வைத்திருப்பது. விழுங்குவது நின்ற பிறகு எதுவும் ஊற்றக் கூடாது. சொந்தபந்தங்கள் வந்து ஆளுக்கொரு சங்குப் பால் ஊற்ற ஆசைப்படுவார்கள். மருமகள் ஒரு வழி கண்டார். பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து, அதால் உதட்டைத் தொட வைத்தார். ஊற்றிய திருப்தி அவர்களுக்கு, புரையேறாமல் ஆச்சிக்கு.

பிறகு சிறுநீர் குறைந்தது. முழங்காலில் ஊதா நிறத் திட்டுகள். மூச்சு வேகமாகி, மெதுவாகி, அரை நிமிடம் நின்று, மறுபடி வந்தது. தொண்டையில் 'கறகற' சத்தம். கேட்பவர்களுக்குத்தான் அது வேதனை, படுத்திருப்பவர் அநேகமாக அதை உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்தினாலே பாதி குறையும். குழாய் விட்டு உறிஞ்சுவது தேவையற்ற வாதை.

கூடத்துக்கு மாற்றலாமா என்று ஒரு பேச்சு வந்தது. அது வெறும் சம்பிரதாயம் அல்ல. நட்சத்திரம் பார்த்து அடைப்பு என்று சொல்லிவிட்டால் அந்த அறையை மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் வீடுகள் உண்டு. பத்திரம், பேங்க் புத்தகம், ஆதார் எல்லாம் அந்த அறை பீரோவுக்குள் இருந்தால் சான்றிதழ் வேலை மொத்தமும் நிற்கும். ஆகவே நம்பிக்கை உண்டோ இல்லையோ, காகிதங்களை முன்னாலேயே வெளியே எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

அன்றைய பகல்

அதிகாலை 3.40. மகள்தான் பக்கத்தில் இருந்தார். மூச்சு நின்று ஐந்து நிமிடம் பார்த்து, நேரத்தை எழுதினார். டொராண்டோவில் முந்தின நாள் மாலை 5.10.

இந்த நேரத்தில் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதே அடிக்கடி நடக்கும் தவறு. வழியிலேயே உயிர் போய்விட்டது என்று அங்கே பதிவானால் போலீசுக்குத் தகவல் போகும், பிரேதப் பரிசோதனை வரை நீளலாம். கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரை வீட்டுக்கு வரவழைத்து, இறப்பின் காரணத்தைப் படிவம் 4ஏ-யில் எழுதி வாங்குவதே முறை.

முதல் வேலை, கான்சென்ட்ரேட்டரை அணைத்துச் சிலிண்டரின் வால்வை மூடுவது. தலைமாட்டில் விளக்கு அதற்கு அப்புறம்தான். அடுத்து கண்ணை மூடி, நாடிக்கட்டு (தாடையைத் தூக்கிக் கட்டுவது), கால் பெருவிரல் கட்டு. இரண்டு மூன்று மணி நேரத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கிவிடும். கை காலை நேராக்குவதை அதற்குள் செய்தாக வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவரானால், எரிப்பதற்கு முன் அதை எடுக்க டாக்டரிடம் சொல்ல வேண்டும், தீயில் வெடிக்கும்.

ஃப்ரீசர் பெட்டி ஐந்தரைக்கு வந்தது. வந்ததும் கூடத்து எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினார்கள். கம்ப்ரசர் முனகியது, ஓடவில்லை. கை வைத்துப் பார்த்தால் ஒயர் சுடுகிறது. அதற்கு 15 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். அந்த வீட்டில் அது மோட்டார் ரூமில் மட்டும். கடைசியில் தடித்த ஒயர் இழுத்து ஓடியபோது மணி ஏழரை. பெட்டி வந்ததும் அரை மணியாவது வெறுமனே ஓடவிட்டுப் பிறகுதான் கிடத்த வேண்டும். நனைந்த துணியோடு வைக்கக் கூடாது. முகம் பார்க்க வருகிறவர்களுக்காக மூடியைத் திறந்து திறந்து மூடினால் உள்ளே குளிர் நிற்காது. கண்ணாடியில் படியும் ஆவியை வெளியிலிருந்து துடைத்தால் போதும். வடியும் தண்ணீருக்கு அடியில் ஒரு வாளி.

சின்னவனுக்கு அன்று ராத்திரி விமானம் கிடைத்தது. அங்கே பனிப்புயல். ஓடுபாதையில் பனி வாரி, இறக்கையில் உறைந்ததைக் கரைக்க மருந்து அடித்துத்தான் ஒவ்வொரு விமானமும் கிளம்ப முடியும். புயல் வலுத்தால் ரத்துதான். ரத்தும் ஆயிற்று. அடுத்தது மறுநாள் சாயங்காலம், ஊர் வந்து சேர மூன்றாம் நாள் முற்பகல். ஐம்பது மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு.

பந்தலில் பேச்சு மூண்டது. "தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். சின்னவன் இல்லாம எப்படிய்யா எடுக்கது?" என்றார் ஆச்சியின் பிறந்த வீட்டுப் பெரியவர். மருமகள் பால் நோட்டைக் கொண்டுவந்து மூத்த மகன் கையில் கொடுத்தார். அவர் வாசித்தார். பெரியவர் கைநாட்டைப் பார்த்துவிட்டு, "அவ சொன்னா சொன்னதுதாம்" என்று கோடி எடுத்து வைக்கப் போய்விட்டார். அந்த வரி எழுதப்படாமல் இருந்தால் இந்தப் பேச்சு ராத்திரி வரை போயிருக்கும். பழி, எப்படி முடிவெடுத்தாலும், மூத்தவன் தலையில் விழுந்திருக்கும்.

எடுப்பு சாயங்காலம் நாலு மணி. நீர்மாலை எடுத்துவர, குளிப்பாட்ட, கோடி போர்த்த, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு இரண்டுக்கே தொடங்கினார்கள். விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருந்த சின்னவனுக்கு வீடியோவில் காட்ட ஒரு பேத்தியை நியமித்தார்கள், வேறு வேலை அவளுக்குக் கிடையாது. வெளிச்சம் போனுக்குப் பின்னால் இருக்க வேண்டும், முகத்தை மூடுமுன் "சித்தப்பா, மூடப் போறாவ" என்று சொல்ல வேண்டும். பல வீடுகளில் இதைச் சொல்லாமல் விட்டு, வீடியோ கால் துண்டாகி மறுபடி எடுக்கும்போது பெட்டி தெருமுனை தாண்டியிருக்கும்.

சுடுகாட்டில் விறகு ஈரம். திறந்த சிதைக்கு 300 முதல் 400 கிலோ விறகு வேண்டும், ஈர விறகானால் அதுவும் போதாது. இங்கே வழக்கமான மூட்டம் மழைக்கு ஏற்றது: அடியில் கட்டை, மேலே வறட்டி அடுக்கி, வைக்கோல் மூடி, களிமண் குழைத்து மெழுகி, புகைபோக ஓட்டை விடுவது. சூடு உள்ளேயே நின்று இரவு முழுக்க மெதுவாக எரியும். ஓட்டை சின்னதானால் காற்றில்லாமல் அணைந்துவிடும். பிடிக்கவில்லை என்று பெட்ரோல் ஊற்றுவது ஆபத்து, குப்பென்று ஊற்றியவர் முகத்துக்கே வரும். காய்ந்த சிரட்டையும் சூடமும் நெய்யும் போதும். டவுன்காரர்களுக்குச் சிந்துபூந்துறையில் தகன மேடை இருக்கிறது.

காடாத்தை மறுநாள் வைக்காமல் மூன்றாம் நாளுக்குத் தள்ளி, சின்னவன் வந்து இறங்கியதும் அவர் கையால் பாலூற்றி அஸ்தி எடுத்தார்கள். பாபநாசத்தில் கரைத்ததும் அவரே. கொள்ளி மூத்தவனுக்கு, அஸ்தி இளையவனுக்கு என்றானதில் இருவருக்கும் மனக்குறை இல்லை. பாபநாசம் போகிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவருவது மட்டும் வேண்டாம். பாறை இடுக்கில் சிக்கி மூட்டை மூட்டையாக அள்ள வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் அந்த வீட்டில் பொங்கல் இல்லை.

காகிதங்கள்

கிராமத்தில் இறப்பைப் பதிவது வி.ஏ.ஓ. 21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணமும் அனுமதியும் வரும். இங்கே சிக்கல் பெயரில் வந்தது. ஆதாரில் ஒரு எழுத்து, பட்டாவில் வேறு எழுத்து, பீடி பி.எஃப். புத்தகத்தில் தகப்பன் பெயரின் தலைப்பெழுத்து. சான்றிதழில் எது ஏறுகிறதோ அதற்கே மற்ற எல்லாவற்றையும் ஒப்பிடுவார்கள். எழுதிக் கொடுக்கும்போது ஆதார் நகலைக் கையில் வைத்து எழுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பீடித் தொழிலாளிக்கு வரும் பென்ஷன் இறந்த மாதத்துக்குப் பின்னும் சில தடவை வங்கிக் கணக்கில் ஏறக்கூடும். ஏ.டி.எம். அட்டை பேரன் கையில் இருக்கிறதென்று எடுத்துவிட்டால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்லி வரும். பி.எஃப். அலுவலகத்துக்கும் வங்கிக்கும் சான்றிதழ் நகலைக் கொடுத்துவிடுவது நல்லது. முதியோர் உதவித்தொகை வாங்கியவரானால் தாலுகா ஆபீசுக்கும்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மூலம் தாசில்தாருக்கு விண்ணப்பம். மூன்று பிள்ளைகளின் ஆதாரும் வேண்டும். சின்னவன் பதினாறு முடிந்த கையோடு கிளம்புவார் என்பதால், பட்டா மாற்றத்துக்கும் வங்கிக்கும் அவர் போட வேண்டிய கையெழுத்துகளை அதற்குள் வாங்கிவிட வேண்டும். அண்ணன் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதுவதானால் இங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் முடிப்பது சுலபம். டொராண்டோ போன பிறகு எழுதினால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்று, தபாலில் அனுப்பி, இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும்.